40 கிலோ சங்கரா 20 கிலோ ஆன கதை: ஒரு எடை டிரைவரின் ரேஸ் கண்டிஷன்

ஜூன் 14-உடன் தடைக்காலம் முடிந்தது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் சேர்ந்தாற்போல் கடலுக்குப் போய், முதல் மீன் வந்து இறங்கிய அன்றைக்குக் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலில்தான் நான் செய்துகொடுத்த எடை மெஷின் முதல் தடவையாகப் பொய் சொன்னது.

"தம்பி, இங்க வா. நாப்பது கிலோ சங்கரா இருபதுன்னு காட்டுது. பாதி மீன உன் பொட்டி தின்னுடுச்சா?" என்று கூடைக்கார அக்கா கேட்டபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது 40 என்றுதான் காட்டியது. வழக்கம்தானே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மெஷினை வைத்து யாரும் விற்கவில்லை. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி வியாபாரத்துக்கு வைக்கும் தராசு சரிபார்த்து முத்திரை வாங்கியதாக இருக்க வேண்டும். அது பக்கத்திலேயே இருந்தது. எங்களுடையது ஏலக்காரரின் கணக்குக்காக, எந்தப் படகிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று தானாகப் பதிந்துகொள்ள வைத்த சோதனைப் பெட்டி. ஒரே கூடை இரண்டிலும் ஏறி இறங்கியதால் பொய் உடனே பிடிபட்டது, இல்லையென்றால் மாதக் கணக்கில் தெரிந்திருக்காது.

பெட்டிக்குள் பெரிய சமாச்சாரம் எதுவும் இல்லை. 100 கிலோ தாங்கும் இரண்டு மேடைகள், ஒவ்வொன்றின் கீழும் எடையை மின் சிக்னலாக்கும் லோட் செல், அந்தச் சிக்னலை எண்ணாக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெச்எக்ஸ்711 சிப், எல்லாவற்றையும் படிக்க ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினி, அதில் சிப்போடு பேச நாங்கள் எழுதிய டிரைவர் என்ற நிரல். ஹெச்எக்ஸ்711 பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. அதற்கு இரண்டே கம்பிகள், ஒன்று கிளாக், இன்னொன்று டேட்டா. அளவு தயாரானதும் சிப் டேட்டா கம்பியைக் கீழே இறக்கும். நாம் கிளாக்கில் 24 துடிப்புகள் அனுப்பினால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட்டாக 24 பிட் எண் வெளியே வரும், பெரிய பிட் முதலில். அதற்கு மேல் அனுப்பும் துடிப்புகள்தான் அடுத்த அளவை எப்படி எடுப்பது என்று சிப்புக்குச் சொல்கின்றன: மொத்தம் 25 என்றால் ஏ சேனல், 128 மடங்கு பெருக்கம். 26 என்றால் பி சேனல், 32 மடங்கு. 27 என்றால் மறுபடி ஏ சேனல், ஆனால் 64 மடங்கு. அட்ரஸ் இல்லை, கட்டளை இல்லை, சரிபார்ப்பு எண் இல்லை. துடிப்பை எண்ணுவது ஒன்றுதான் மொழி. ஆக ஒரு கம்பியே "தயார்" மணியாகவும் இருக்கிறது, எண் வரும் வழியாகவும் இருக்கிறது. இந்த இரட்டை வேடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

64 என்பது 128-இல் பாதி என்பது இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்கு அது உறைக்க 4 நாள் ஆனது.

அந்த 4 நாளும் எர்த் ஒயரையும், பவர் சப்ளையையும், உப்புக் காற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் எதையும் முதலில் உப்புக் காற்றின் தலையில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மின் இரைச்சலால் வரும் பிழை ஒரு நாள் 37 காட்டும், ஒரு நாள் 52 காட்டும். கூடை எதுவானாலும் சில நூறு கிராம் முன்பின்னாகப் பாதியே காட்டும் இரைச்சல் உலகத்தில் கிடையாது. யாரோ ஒரு கணக்குப் போட்டுப் பாதியாக்கியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் பதிவுகளை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். சிப்பை விநாடிக்கு 80 அளவு எடுக்கும் வேகத்தில் வைத்திருந்தோம், அதாவது 12.5 மில்லி விநாடிக்கு ஒன்று. பாதி எடை வந்த இடங்களில் மட்டும் அதற்கு முன்னால் ஏறத்தாழ 50 மில்லி விநாடி இடைவெளி இருந்தது, பின்னாலும் அதே இடைவெளி. அந்த 50 சிப்பின் விவரத்தாளில் இருக்கிற எண்: பெருக்கத்தை மாற்றினால் அளவு நிலைப்பட 80 வேகத்தில் 50 மில்லி விநாடி ஆகும். ஆகவே சிப் பெருக்கத்தை மாற்றியிருக்கிறது, ஒரு அளவு கொடுத்திருக்கிறது, மறுபடி பழைய பெருக்கத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் டிரைவரில் 27 துடிப்பு அனுப்பும் வரியே கிடையாது. யார் அனுப்பினார்கள்?

இன்னொரு தடயமும் இருந்தது, அது என்னை ரொம்பவே குழப்பியது. வலது மேடையில்தான் பிழை வந்தது, இடது மேடையில் வரவே இல்லை. இரண்டுக்கும் ஒரே டிரைவர், ஒரே சிப். ஒரே வித்தியாசம், இடது மேடையின் சிக்னல் ஒயர் இரண்டையும் அவசரத்தில் மாற்றிச் சாலிடர் செய்துவிட்டு, "மென்பொருளில் குறியை மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தேன். அந்த மேடையில் எடை ஏற ஏற எண் மைனஸில் போகும்.

தடைக்காலத்தில் நாங்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. பழைய பை ஜீரோவை எடுத்துவிட்டு ஜீரோ 2 டபிள்யூ போட்டோம். அளவு அதேதான், துளைகள் கூட அதே இடத்தில், மெமரி கார்டை மாற்றிப் போட்டு டிரைவரை மறுபடி கம்பைல் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் ஜீரோவில் நிரல் ஓட்டும் மூளை, அதாவது கோர், ஒன்றுதான், ஜீரோ 2-இல் நான்கு கோர். படகு கரையில் கிடந்ததால் மீன் இல்லை, நாலு ஹாலோ பிளாக்கை மேடையில் வைத்துச் சோதித்தோம், ஏலக்காரரின் கணக்கில் எடையைப் பதியும் புரோகிராமை (எங்கள் வாயில் அது பில் புரோகிராம்) ஓட்டவே இல்லை. டிஸ்பிளே 4 பிளாக்கின் எடையைச் சாமி மாதிரி அசையாமல் காட்டியது, நாங்களும் நம்பிவிட்டோம்.

சரி, டிரைவருக்கு வருவோம். சிப்பைப் படிக்க அதில் இரண்டு பாதைகள். டேட்டா கம்பி இறங்கும்போது இன்டரப்ட் வரும், அதாவது ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டு இதைக் கவனி என்ற அழைப்பு, அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் அங்கேயே துடிப்பு அனுப்பிப் படித்து டிஸ்பிளேவுக்குக் கொடுக்கும். பில் புரோகிராம் ரீட் அழைத்தால் அதுவும் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்று, இறங்கியதும் தானே படிக்கும். இரண்டும் மோதாமல் இருக்க, ரீட் பாதை இன்டரப்டை அணைத்துவிட்டு, கம்பியைப் பார்த்து, படித்து, பிறகு இன்டரப்டைத் திறக்கும். ஒரு கோர் இருந்தவரை இது முழுக்கச் சரியான நிரல், இன்றைக்கும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்டரப்டை அணைத்தால் அந்த இயந்திரத்தில் வேறு எதுவும் ஓட முடியாது. திறந்தவுடன் தேங்கி நின்ற இன்டரப்ட் வரும், ஹேண்ட்லர் கம்பியைப் பார்க்கும், மேலே இருக்கும், ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும்.

ஆனால் அந்த அணைப்பு லோக்கல் அணைப்பு. தான் ஓடுகிற கோரில் மட்டும் அணைக்கும். ஜீரோ 2-இல் ஜிபிஐஓ இன்டரப்ட் எல்லாம் கோர் 0-க்குப் போகின்றன (பிராக் கோப்புறையின் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால் முதல் பத்தியில் மட்டும் எண் ஏறுவதைப் பார்க்கலாம்). பில் புரோகிராம் கோர் 2-இல் ஓடிக்கொண்டிருந்தால், அது தன் வீட்டுக் கதவை இறுகச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அடுத்த வீட்டுக்காரன் பொதுக் குழாயைத் திறக்கிறான். ரேஸ் கண்டிஷன் என்பது இதுதான், இரண்டு பேரில் யார் எப்போது முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுவது.

சோதிப்பது சுலபம். டாஸ்க்செட் போட்டுப் பில் புரோகிராமைக் கோர் 0-இல் கட்டிப்போட்டேன், 2 மணி நேரம் ஒரு பாதி எடைகூட வரவில்லை. கோர் 3-க்கு மாற்றினேன், 10 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அப்போதே டீ குடிக்கப் போய்விட்டேன், பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

மீதிப் பாதிக்குக் கம்பி ஏறி இறங்குவதைப் பதிந்து காட்டும் லாஜிக் அனலைசர் தேவைப்பட்டது, 8 சேனல் மலிவுப் பொருள்தான், பல்ஸ்வியூ மென்பொருளோடு நன்றாகவே ஓடும். பிழை வந்த இடத்தில் துடிப்புகளை எண்ணினேன். 27. 50 வரும் என்றுதான் எதிர்பார்த்தேன், இரண்டு பேர் ஆளுக்கு 25 அனுப்பினால் 50தானே? இல்லை. இரண்டு பேரும் ஒரே கம்பியை ஒரே வேகத்தில் ஏற்றி இறக்குகிறார்கள். ஒருவர் ஏற்றிவைத்ததை இன்னொருவர் ஏற்றினால் கம்பியில் எதுவும் மாறாது. எனவே துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன, இரண்டாமவர் எவ்வளவு தாமதமாக ஆரம்பித்தாரோ அவ்வளவு மட்டும் வாலில் நீள்கிறது. எங்கள் துடிப்பு ஒன்றுக்கு 2 மைக்ரோ விநாடி. கம்பியைப் பார்த்துக்கொண்டே நிற்கிற ரீட் உடனே ஆரம்பிக்கும், இன்டரப்ட் ஹேண்ட்லர் வந்து சேரச் சில மைக்ரோ விநாடி ஆகும். 4 மைக்ரோ விநாடி பிந்தினால் 2 துடிப்பு அதிகம், ஆக 27.

ஹேண்ட்லர் கம்பியைப் பார்த்துவிட்டுத்தானே ஆரம்பிக்கிறது, அது ஏன் ஏமாந்தது? இங்கேதான் அந்த இரட்டை வேடம். அது பார்க்கும் நேரத்தில் கம்பியில் இருப்பது "தயார்" மணி இல்லை, ரீட் ஏற்கெனவே வெளியே இழுத்துக்கொண்டிருக்கும் எண்ணின் முதல் பிட்கள். 40 கிலோ என்பது 24 பிட்டில் சின்ன எண், மேல் பிட்கள் எல்லாம் 0, கம்பி கீழேதான் இருக்கும். ஹேண்ட்லர் அதைத் "தயார்" என்று படிக்கிறது. இடது மேடையில் எண் மைனஸ், மேல் பிட்கள் எல்லாம் 1, கம்பி மேலே, ஹேண்ட்லர் சமர்த்தாகத் திரும்பிவிடுகிறது. என் தப்பான சாலிடர் வேலைதான் இடது மேடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, கோபத்தில் இல்லை, ஒருவித சந்தோஷத்தில்.

2 பிட் தள்ளிப் படித்த ஹேண்ட்லருக்குக் கிடைத்த எண் நான்கு மடங்கு, அதாவது 160 கிலோ. மேடையின் எல்லை 100 என்பதால், வரம்பு மீறிய எண்ணை ஒதுக்க நிரலில் வைத்திருந்த வடிகட்டி அதைத் தூக்கி எறிந்துவிட்டது. அடுத்து வந்த 20 கிலோவோ பார்க்க யோக்கியமான எண், வடிகட்டி வணக்கம் சொல்லி உள்ளே விட்டது. தாமதம் 27-க்கு மேல் போன நேரங்களில் சிப் என்ன செய்கிறது என்பதற்கு விவரத்தாளில் உத்தரவாதமே இல்லை, அவையும் குப்பையாக வந்து வடிகட்டியில் நின்றிருக்கின்றன. வடிகட்டி போட்டதால் பிழை குறைந்தது என்று நாங்கள் போன வருடம் பெருமைப்பட்டது வேறு கதை.

இது என் ஒருவனுடைய முட்டாள்தனம் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருக்கிறது. பையில் ஓடும் லினக்ஸின் உட்கருவான கெர்னலே இந்தச் சிக்கலோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறது. பல பிராசசர்களுக்கான (இன்றைய கணக்கில் பல கோர்களுக்கான) ஆதரவு 2.0 பதிப்பில் 1996-இல் வந்தபோது கெர்னல் முழுக்க ஒரே பெரிய பூட்டைப் போட்டுத்தான் சமாளித்தார்கள். எல்லாக் கோர்களிலும் இன்டரப்டை அணைக்கும் பழைய முறையை 2002-இல் 2.5.28-இல் எடுத்தபோது அதை நம்பியிருந்த டிரைவர்கள் வரிசையாக உடைந்தன. அந்தப் பெரிய பூட்டு முழுதாகப் போனது 2011-இல், 2.6.39-இல்.

திருத்துவதற்கு முன்னால் பிழையைக் கூப்பிட்டால் வரும் நிலைக்குக் கொண்டுவந்தேன். ரீட் பாதையில் கம்பியைப் பார்ப்பதற்கும் முதல் துடிப்புக்கும் நடுவே வேண்டுமென்றே சில மைக்ரோ விநாடித் தாமதம் வைத்து, அதைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ஒரு அளவில் 27 அடிக்கடி வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினால் 26, எதுவும் இணைக்காத பி சேனல், எடை பூஜ்யத்தை ஒட்டி. நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாத ரேஸைத் திருத்தினேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை, நான் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதல் திருத்தம் அவசரத்தில் போட்டது. இன்டரப்டை அணைக்கும் வரியை எடுத்துவிட்டு இரண்டு பாதையிலும் வெறும் ஸ்பின்லாக், அதாவது திறக்கும்வரை அடுத்தவரைச் சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு. பாதி எடை போய்விட்டது, ஆனால் ராத்திரி 11 மணிக்குப் பெட்டி உறைந்தது. பில் புரோகிராம் தற்செயலாகக் கோர் 0-இல் ஓடி, பூட்டைக் கையில் வைத்திருந்த நேரத்தில் அதே கோரில் இன்டரப்ட் வந்து, அதே பூட்டுக்காக ஹேண்ட்லர் சுற்றிக்கொண்டே நின்றது. பூட்டை விட வேண்டியவனை இவன்தான் நிறுத்திவைத்திருக்கிறான், பின்னே எப்படித் திறக்கும்? 2006 முதல் கெர்னலோடு வரும், பூட்டுத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பை இயக்கியிருந்தால், உறைவதற்கு முன்பே, இரண்டு பாதையும் ஒரு தடவை ஓடியதுமே கத்தியிருக்கும். மறுநாள் இயக்கினேன், கத்தியது. ஐஆர்க்யூசேவ் வகை ஸ்பின்லாக்காக மாற்றினேன்: தன் கோரில் இன்டரப்டையும் அணைக்கும், மற்ற கோர்களுக்குப் பூட்டையும் போடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையிலேயே அது சரியான திருத்தம்தான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: பில் புரோகிராம் எதற்காகச் சிப்பைத் தொட வேண்டும்? விநாடிக்கு 80 தடவை இன்டரப்ட் பாதை படித்து வைத்துக்கொண்டுதானே இருக்கிறது? பூட்டை எங்கே போடுவது என்று ஒரு வாரம் யோசித்தவன், அந்தக் கம்பி யாருக்குச் சொந்தம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எனவே மாற்றி எழுதினேன். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு இன்டரப்ட் த்ரெட், அதாவது இன்டரப்ட் வந்தால் தனியாக எழுந்து ஓடும் ஒரு வேலை, அது மட்டும்தான் துடிப்பு அனுப்பும். படித்த எண், நேரம், வரிசை எண் மூன்றையும் ஒரு சின்ன ஸ்பின்லாக்குக்குள் சேர்த்து எழுதி வைக்கும். ரீட் வந்தால் புதிய வரிசை எண்ணுக்காகக் காத்திருந்து அதே பூட்டுக்குள் மூன்றையும் சேர்த்து நகல் எடுத்துக்கொண்டு போகும். தனித்தனியாக எடுத்தால் ஒரு கூடையின் எடையும் அடுத்த கூடையின் நேரமும் கலந்துவிடும். பழைய டிரைவரில் அதுவும் நடந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. த்ரெட் முடியும்வரை இன்டரப்டை மூடியே வைக்க ஒன்ஷாட் கொடி. பிட்கள் ஏறி இறங்குவதையும் இன்டரப்டாக எண்ணித் தேக்கிவைத்து, திறந்ததும் கெர்னல் கொடுக்கும் என்பதால் த்ரெட் தொடங்கியதும் கம்பியைப் பார்த்து, மேலே இருந்தால் சும்மா திரும்ப வேண்டும்.

அழகாக இருந்தது. அடுத்த நாளே புதுப் பிழை. நாளுக்கு நாலைந்து தடவை ஒரு குப்பை எண், அதற்குப் பின்னால் அதே 50 மில்லி விநாடி இடைவெளி. இந்தத் தடவை 4 நாள் ஆகவில்லை. கிளாக் கம்பி 60 மைக்ரோ விநாடிக்கு மேல் உயரத்திலேயே நின்றால் ஹெச்எக்ஸ்711 தூங்கப் போய்விடும், இறக்கினால் புதிதாக எழுந்திருக்கும். முன்பு இன்டரப்ட் அணைந்த நிலையில் படித்ததால் யாரும் நடுவில் வரவில்லை. இப்போது த்ரெட் கிளாக்கை ஏற்றிவிட்டு இறக்குவதற்குள் வேறு வேலை வந்து கோரைப் பிடுங்கிக்கொள்கிறது. கெர்னலோடு வரும் ஹெச்எக்ஸ்711 டிரைவரின் நிரலில் இதைக் குறித்தே ஒரு எச்சரிக்கை எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நான் படித்தது இரண்டாவது வாரம். எங்கள் டிரைவரை ஏன் சொந்தமாக எழுதினோம் என்று கேட்காதீர்கள், ஒரு காலத்தில் காரணம் இருந்தது.

திருத்தம் சின்னது: கிளாக் உயரத்தில் இருக்கும் அந்த 1 மைக்ரோ விநாடிக்கு மட்டும் இன்டரப்டை அணைப்பது. தாழ்ந்திருக்கும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம், சிப்புக்குக் கவலையில்லை. எதை எதனிடமிருந்து காக்கிறோம் என்று தெரிந்தால் காவல் எவ்வளவு குறைகிறது பாருங்கள்.

கம்பியைத் தொடும் மூன்றாவது ஆள் ஒருவன் ஒளிந்திருந்தான். 1 விநாடி அளவு எதுவும் வராவிட்டால் கிளாக்கை உயர்த்திப் பிடித்துச் சிப்பை எழுப்பும் டைமர். டைமர் ஓடும் சூழலில் தூங்க முடியாது என்பதால், தூங்கிக் காத்திருக்கும் பூட்டான மியூடெக்ஸைப் பிடிக்க முடியாது. அதைத் தூங்க அனுமதிக்கும் ஒர்க்க்யூவுக்கு நகர்த்தி, அங்கே த்ரெட் துடிப்பு அனுப்பும்போது பிடிக்கும் மியூடெக்ஸையே பிடிக்க வைத்தேன்.

கடைசியாக, டிரைவரைக் கெர்னலிலிருந்து இறக்குவது. காலையில் பில் புரோகிராமைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் டிரைவரையும் கழற்றி மாட்டும், அது ஒரு பழைய பழக்கம். எப்போதாவது அந்த நேரத்தில் கெர்னல் ஊப்ஸ் அடித்து விழும். நினைவகத் தவறுகளைக் காட்டும் ஸ்லப் டீபக்கை இயக்கிப் பார்த்தபோது பாயின்டரில் 6பி 6பி என்று வரிசையாக இருந்தது, விடுவித்த நினைவகத்தில் கெர்னல் பூசும் விஷம் அது. டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் செயல்பாடு முதலில் டைமரை நிறுத்தியது, அப்புறம் அளவுகளை எழுதி வைக்கும் பஃபரை விடுவித்தது. இன்டரப்டோ டெவ்எம் வகையில் பதிந்தது, ரிமூவ் திரும்பிய பிறகே தானாகக் கழலும். நடுவே வந்த இன்டரப்ட் போன பஃபரில் எழுதியது, நிறுத்திய டைமரை மறுபடி முடுக்கியும் விட்டது. மோட்டார் ஓடும்போதே தொட்டியைக் கழுவ இறங்கியது மாதிரி. ஊற்றிலிருந்து வரிசையாக அடைத்துக்கொண்டு வர வேண்டும்: முதலில் இன்டரப்டை நாமே கழற்றுவது, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லரும் த்ரெட்டும் முடியும்வரை அந்த அழைப்பு காத்திருக்கும். அடுத்து டைமரை ஷட்டவுன் சிங்க் வகையில் நிறுத்துவது, 6.2 பதிப்பில் வந்தது, அதற்குப் பின் யார் முடுக்கினாலும் டைமர் எழுந்திருக்காது. அப்புறம் ஒர்க்கை ரத்து செய்வது. எல்லாம் அடங்கியபின் நினைவகம். சோதிக்க, ஒவ்வொரு படிக்கும் நடுவே 50 மில்லி விநாடித் தூக்கம் வைத்து 500 தடவை கழற்றி மாட்டினேன்.

கேசான் என்ற கருவி 5.8 பதிப்பிலிருந்து கெர்னலில் இருக்கிறது, நினைவகத்தில் இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொடுவதைப் பிடித்துக்கொடுக்கும். ஓட்டினேன், நேரமும் எடையும் கலக்கும் பழைய இடத்தைச் சரியாகக் காட்டியது. ஆனால் 27 துடிப்பைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அது நினைவகத்தைப் பார்க்கும் கருவி, எங்கள் தகராறு ஒரு கம்பியின் மேல் நடந்தது. வன்பொருள் டிரைவரில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அனலைசரில் ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்கு மாற்று கிடையாது.

புது டிரைவரைப் பழைய தாமத வரிகளோடேயே, பில் புரோகிராமைக் கோர் 3-இல் கட்டி, 3 நாள் இரவும் பகலும் ஹாலோ பிளாக்கோடு ஓட்டினேன். 25-ஐத் தவிர வேறு துடிப்பு எண்ணிக்கை வரவில்லை. இடது மேடையின் ஒயரையும் சரியாக மாற்றிச் சாலிடர் செய்துவிட்டுத்தான் இந்தச் சோதனை, இல்லையென்றால் பாதிச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

முதுநகரில் மறுபடி வைத்து 10 நாள் கழித்து அக்கா போன் செய்தார். "தம்பி, மறுபடியும் தப்பாக் காட்டுது." லேப்டாப்பையும் அனலைசரையும் தூக்கிக்கொண்டு, ஐந்தாவது ரேஸ் என்னவாக இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். வலது மேடையின் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்று.